கருவையை எடுத்துவிட்டால் கோடியக்கரையில் மான் பெருகிவிடுமா?

ஜனவரி 6 – ஒரு வாசகர் கேட்டது

போன வாரம் குடும்பத்தோடு கோடியக்கரை சரணாலயத்துக்குப் போயிருந்தோம். மானைவிட, காட்டோடு திரியும் குதிரைதான் அதிகம் கண்ணில் பட்டது. எங்கு திரும்பினாலும் சீமைக்கருவேலம். நாலு பொக்லைனைக் கொண்டுவந்து ஒரே மாதத்தில் கருவையை வேரோடு பிடுங்கிவிட்டு, குதிரைகளையும் பிடித்து வெளியே அனுப்பிவிட்டால் மான் தன்னால் பெருகிவிடாதா? வருசா வருசம் கணக்கெடுப்பு மட்டும் எடுத்து யாருக்கு என்ன லாபம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு

நான் வேதாரண்யத்துக்காரன். வனத்துறையில் இல்லை. கணக்கெடுப்புக்கு ஆள் கூப்பிடும்போது தன்னார்வலராகப் போகிறவன், அவ்வளவுதான்.

முதலில் கருவை. அதை அடிமரத்தோடு வெட்டுவது தலைக்கு மொட்டை அடிப்பது மாதிரி. அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வரும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கழுத்தோடு சேர்த்து எடுத்தால்தான் மறுபடி துளிர்க்காது, அதற்குத்தான் பொக்லைன் என்கிறீர்கள். சரி. பொக்லைன் ஏறிப் புரட்டிப்போட்ட மண்ணில் அப்புறம் என்ன முளைக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? என் மச்சான் நிலத்தில் பார்த்தேன். ஆவணியில் சுத்தமாக எடுத்தார்கள், தரை வழுவழுவென்று இருந்தது, ஊரே வந்து பார்த்தது. ஐப்பசி மழை நின்று பத்துப் பதினைந்து நாளில் நிலம் முழுக்க விரல் உயரக் கருவைக் கன்று, கால் வைக்க இடமில்லை. மேலே நிழல் போய்விட்டது, மண் கிளறிவிட்டாயிற்று, உள்ளே வருசக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்த விதைக்கு வேறு என்ன வேண்டும்.

அவர் ஆள் வைத்து மூன்று மழைக்காலம் கன்று பிடுங்கினார். அவர் நிலம் என்பதால் பிடுங்கினார். காட்டில் அந்த மூன்று வருசத்துக் கூலியை யார் ஒதுக்குகிறார்கள்? பொக்லைன் வாடகைக்குப் பணம் வரும், அதற்குப் படம் எடுக்கலாம். கன்று பிடுங்கும் கூலிக்குப் பணம் வராது.

ஜனவரி 7

நேற்று எழுதியதைப் பார்த்துவிட்டு "அப்போ கருவையை விட்டுவிடலாம் என்கிறீர்களா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அப்படிச் சொல்லவில்லை. எடுக்கத்தான் வேண்டும். 2022-இல் தமிழக அரசே அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்று ஒரு கொள்கை வெளியிட்டது, உயர்நீதிமன்றமும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. இங்கே நாம் பேசும் மான் வெளிமான், கண்ணை நம்பிப் பிழைக்கிற விலங்கு. திறந்த புல்வெளியில் தூரத்திலிருந்தே ஆபத்தைப் பார்த்து ஓடுகிற சாதி. கருவை அடைத்துக்கொண்டால் அந்த இடத்தை மான் கைவிட்டுவிடும். இதில் சண்டையே இல்லை.

ஆனால் வில்லன் யார் என்பதில் கொஞ்சம் சிக்கல் இருக்கிறது. கருவை நெற்று இனிக்கும். வெயில் காலத்தில் புல் காய்ந்த பிறகு குதிரை அதைத் தின்கிறது, மாடு தின்கிறது, பன்றி தின்கிறது, மானும் தின்கிறது. விதை செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து நன்றாக முளைக்கிறது. குஜராத்தில் வேலாவதார் என்ற வெளிமான் காட்டில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். கடா மான் தன் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போடும். அந்தப் புழுக்கைக் குவியலைச் சுற்றித்தான் கருவைக் கன்று அதிகம் என்று கண்டார்கள். அதாவது மான் தனக்குப் பிடித்த வெட்டவெளியில் தானே கருவையை விதைக்கிறது. குதிரையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் எப்படி.

ஜனவரி 7, பிற்பகல்

"அப்போ மானையும் வெளியே அனுப்பிவிடலாமா அண்ணே" என்று கேட்ட மன்னார்குடித் தம்பிக்கு: பஸ் கட்டணம் நீ கொடு.

ஜனவரி 11

"ராம்சார் தளம் ஆயிற்றே, அங்கே ஒரு துரும்பைக்கூட யாரும் அசைக்க முடியாதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ராம்சார் என்பது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியல். அவர் சொன்னதைத் திருத்தியாக வேண்டும்.

இரண்டு எல்லையைக் குழப்பிக்கொள்கிறோம். 1967-இல் வெளிமானுக்காக அறிவித்த சரணாலயம் 17.26 சதுர கிலோமீட்டர்தான். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது 38,500 ஹெக்டேர், அதாவது 385 சதுர கிலோமீட்டர். அதற்குள் சரணாலயம், பஞ்சநதிக்குளம் சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்தி, அப்புறம் பட்டியலிலேயே 'அளவை செய்யப்படாத உப்புச் சதுப்பு' என்று எழுதியிருக்கும் பெரும் பகுதி எல்லாம் அடக்கம். அளக்காத நிலத்தைக் கண்காணிக்கிறோம், ஆமாம்.

சரணாலயத்துக்குள் எதை எடுக்கவும் வன உயிரினச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வேண்டும், கருவைக்கும் சேர்த்துத்தான். சரணாலயமாக அறிவிக்காத சதுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ராம்சார் என்பது நாடுகளுக்கு இடையில் ஓர் உடன்படிக்கை. உள்நாட்டில் பல் உள்ள சட்டம் என்று பார்த்தால் 2017-ஆம் ஆண்டு சதுப்புநில விதிகள் இருக்கின்றன. ராம்சார் தளங்கள் அதில் வரும். ஆனால் உப்பு எடுக்கக் கட்டிய அமைப்பு எதுவும் சதுப்புநிலம் ஆகாது என்று அந்த விதிகளின் விளக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். அகஸ்தியன்பள்ளியில் ராஜாஜி 1930-இல் உப்பு அள்ளிய ஊர் இது, உப்பு இல்லாமல் எங்களுக்குப் பிழைப்பு இல்லை, அதனால் உப்பளத்தை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பறவையில் பெரும்பகுதி உட்காருவது அந்த விலக்கப்பட்ட தண்ணீரில்தான்.

ஜனவரி 19

நேற்று நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. இன்னும் கண் எரிகிறது.

கேள்வி கேட்டவருக்கு இதைச் சொல்ல வேண்டும், 'கணக்கெடுத்து என்ன லாபம்' என்றீர்களே. உப்பளத்து ஆட்கள் கையில் ஒரு டிகிரிக் குழாய் இருக்கும், தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பின் அடர்த்தி பார்ப்பார்கள். கடல்நீர் மூன்று மூன்றரை டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் ஏற்றி ஏற்றி, 25 டிகிரி வாக்கில் உப்பு விளையும். நேற்று நான் நின்ற கரைக்கு ஒரு பக்கம் கடல்நீர் அப்போதுதான் ஏற்றிய பெரிய தேக்கம். அதில் மீன் உண்டு, கூழைக்கடா, நாரை, ஆலா எல்லாம் அங்கே. மறுபக்கம் உப்பு ஏறிய பாத்தி, அங்கே மீன் சாகும், ஆனால் உப்பு இறாலும் ஈப்புழுவும் கொழுக்கும், அதற்காக உள்ளானும் உப்புக்கொத்தியும் பூநாரையும். அதற்கும் அப்பால் உப்பு பூக்கிற பாத்தி, அதில் ஒரு குருவி கிடையாது. மூன்றும் ஒரு பர்லாங்குக்குள்.

கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவையின் கால் என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. தண்ணீர் இரண்டு விரற்கடை இருந்தால் இறங்கி மேயும், ஒரு சாண் ஆனால் அந்தப் பக்கமே வராது. ஆக, முந்தின நாள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றினார்களா இல்லையா என்பதை வைத்தே நேற்றைய எண்ணிக்கை ஆயிரம் கூடலாம், ஆயிரம் குறையலாம். நான் என் தாளில் ஒவ்வொரு இடத்துக்கும் தண்ணீர் ஆழமும் டிகிரியும் எழுதினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதினேன். வாங்கியவர் "இது எதுக்கு சார்" என்றார்.

ஜனவரி 20

திருவாரூரிலிருந்து ஒருவர்: "எங்கள் அப்பா காலத்தில் பூநாரை அடிவானம் முழுக்க ரோஸ் கலராக இருக்குமாம், இப்போது எங்கே?"

குறைந்துவிட்டது என்பது இங்கே எல்லாரும் ஒப்புக்கொள்கிற விஷயம்தான். ஆனால் ஒரு வருசம் வராவிட்டால் உடனே கோடியக்கரை செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரிய பூநாரை இந்தியாவில் பெரிய கூட்டமாகக் கூடு கட்டுவது கட்ச் ரண் பகுதியில். அங்கே மழை எப்படி என்பதைப் பொறுத்து அது புறப்படும், வழியில் பழவேற்காட்டில் தண்ணீர் நன்றாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், தனுஷ்கோடியும் இருக்கிறது. ஓரிடத்து எண்ணை வைத்துக்கொண்டு பறவை குறைந்ததா, பறவை இடம் மாறியதா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் பறவையின் காலில் எண் போட்ட வளையம் மாட்டுவது.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்து இங்கே வளையமிடுகிறது, 1980-களில் தீவிரமாக நடந்தது. இருட்டில் வலை கட்டி, வலை கட்டுவதற்கென்றே பீகாரிலிருந்து மிர்ஷிகார்கள் என்ற பரம்பரைப் பறவை பிடிப்பவர்கள் வருவார்கள், வேட்டைத் தொழிலை அப்படியே ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட்டார்கள். சிறு பையனாக இருந்தபோது ஒருவர் கையில் கொசு உள்ளானைப் பார்த்தேன். இருபது, இருபத்தைந்து கிராம்தான் இருக்கும். விரலிடுக்கில் கழுத்து, உள்ளங்கையில் உடம்பு, காலில் ஒரு அலுமினிய வளையம், அதில் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து, ஒரு எண். சைபீரியாவுக்குப் போய்விட்டு வந்து அதே உப்பளத்தில் அடுத்த வருசம் மாட்டுமாம். நான் நம்பவில்லை அப்போது.

பிப்ரவரி 2

ஆமை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இழை எங்கோ போகிறது, போகட்டும்.

பங்குனி ஆமை, அதாவது ஆலிவ் ரிட்லி கடலாமை, முட்டையிடத் தை மாசமே கரை ஏற ஆரம்பித்துவிடும். கோடியக்கரையில் வனத்துறைக் குஞ்சுப் பொரிப்பகம் இருக்கிறது. இராத்திரி கரையில் நடந்து, ஆமை போன தடம் பார்த்து, குழியைத் தேடி முட்டையை எடுத்து, சில மணி நேரத்துக்குள் அதே ஆழத்தில் வேலிக்குள் புதைக்க வேண்டும். நேரம் தவறினால் உள்ளே கரு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் புரட்டினால் செத்துப்போகும். ஒரு குழியில் நூறு நூற்றிருபது முட்டை. ஐம்பது நாள் வாக்கில் குஞ்சு வரும்.

பத்திரிகையில் வருவது எப்போதும் கடைசிப் பகுதி மட்டும். இத்தனை ஆயிரம் குஞ்சு கடலில் விடப்பட்டது, அதிகாரி கூடையோடு நிற்கிறார், பள்ளிப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நல்ல படம். ஆனால் அந்த எண் ஏறுவதற்கு ஆமை பெருகியிருக்க வேண்டியதில்லை, இராத்திரி நடக்க இரண்டு ஆள் கூடுதலாகப் போட்டாலே ஏறிவிடும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை இரவு நடந்தார்கள் என்று போடாமல் எத்தனை முட்டை எடுத்தார்கள் என்று மட்டும் போட்டால் எதையும் ஒப்பிட முடியாது.

பிப்ரவரி 3

இன்னொன்று விட்டுப்போயிற்று. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது, 29 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதிக்குப் பாதி, அதற்கு மேலே போகப்போகப் பெண், கீழே ஆண். அதனால் பொரிப்பகத்தின் மேல் பச்சை நிழல்வலை கட்டுகிறார்களா, எந்த வாரத்தில் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை. ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, தினம் இரண்டு வேளை. இதைச் செய்ய யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை, செய்வதும் இல்லை.

அப்புறம் செத்து ஒதுங்கும் ஆமை. அதற்கும் முறை உண்டு. பார்த்த ஆமையின் ஓட்டில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அலை அதை நூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போடும், மறுநாள் வேறொருவர் அதையே புது ஆமையாக எழுதுவார். 2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கியபோது எல்லாரும் அதிர்ந்தார்கள். ஆமைக்கு நுரையீரல், மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும், இழுவலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வரக் கூடாது என்று சட்டம். 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், அது ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. ஆமை முட்டையிட வரும் தையும் மாசியும் அதில் வராது.

பிப்ரவரி 3, இரவு

விசைப்படகுக்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நாட்டுப்படகுக்காரர் ஒருவர் அதைவிடக் கோபமாகப் பதில் எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் எனக்குச் சொந்தம் என்பதால் நான் தூங்கப் போகிறேன்.

பிப்ரவரி 9

நாய். இத்தனை நாள் எழுதாமல் விட்டேனே.

ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் கோடியக்கரையில் மீன் சீசன். வெளியூரிலிருந்தெல்லாம் படகோடு வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். மீன் காயும், கழிவு கிடக்கும், நாய் பெருகும். சீசன் முடிந்து ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், நாய் போகாது. பங்குனிக்கு மேல் அதற்குச் சோறு எங்கே? காடு பக்கத்தில்தான் இருக்கிறது.

வெளிமான் குட்டி பிறந்த முதல் சில நாள் தாயோடு ஓடாது, புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும். நரி வந்தால் தாய் போக்குக் காட்டும். நாய் ஏழெட்டுச் சேர்ந்து வந்தால் என்ன செய்யும்? வெட்டவெளி ஓரத்தில் ஒரு குட்டியின் மிச்சத்தைப் பார்த்திருக்கிறேன், பின்னங்காலும் கொஞ்சம் தோலும், சுற்றிலும் ஈரமண்ணில் நாய்த் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. ஆமைக் குழியைத் தோண்டுவதும் பெரும்பாலும் இதே கூட்டம்தான்.

யோசித்துப் பார்த்தால், எனக்கு ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பணம் தருவார்கள் என்றால் கருவைக்குக் கேட்க மாட்டேன், கரையில் மீன் கழிவை அள்ளுவதற்கும் நாய்க்குக் கருத்தடை செய்வதற்கும் கேட்பேன். ஜனவரி 6-ஆம் தேதி எழுதும்போது இப்படி நினைக்கவில்லை. எழுத எழுதத்தான் இந்த வரிசை மனதில் மாறுகிறது.

பிப்ரவரி 10

"நாய்க்கு எதிராக எழுதுகிறீர்களே, மனசாட்சி இல்லையா." எங்கள் வீட்டில் மூன்று நாய் இருக்கிறது. மூன்றும் இராத்திரி கட்டிப்போட்டிருக்கும்.

பிப்ரவரி 23

மான் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று கும்பகோணத்து ஆசிரியை கேட்டிருந்தார். விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

பழைய முறை, காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் எல்லாத் துண்டுக்கும் ஆள் போய் மொத்தமாக எண்ணுவது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வெளிமான் நின்ற இடத்தில் நிற்காது. ஒரு துண்டில் நான் நாற்பது எண்ணி முடிக்கும்போதே அந்த நாற்பதும் ஓடி அடுத்த துண்டில் இருக்கும் நண்பர் தாளில் ஏறியிருக்கும். அதனால்தான் நேரத்தையும் கூட்டம் போன திசையையும் குறித்து, பிற்பாடு உட்கார்ந்து ஒப்பிட்டு அடிப்பது. இந்த ஒப்பிடும் வேலைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் யாரும் இருப்பதில்லை.

இன்னொரு முறை, நேர்கோட்டில் நடந்து, மான் தெரிந்தால் எத்தனை மீட்டர் தூரத்தில், கோட்டுக்கு எந்தக் கோணத்தில் என்று குறிப்பது. தூரம் கூடக்கூட எவ்வளவு தவறவிடுகிறோம் என்று கணக்குப் போட்டு மொத்தத்தை மதிப்பிடுவார்கள். வெட்டவெளியில் முந்நூறு மீட்டரில் நிற்கும் மான் தெரியும். கருவைக்குள் முப்பது மீட்டரில் நிற்பது தெரியாது. ஆக கருவையை எடுத்த மறு வருசம் எண்ணிக்கை கூடினால், மான் கூடியதா, மான் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததா? கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் பொக்லைன் திட்டம் உடனே வெற்றி என்று செய்தி வரும். அது உண்மையா என்று சொல்ல, எடுப்பதற்கு முன்னால் எடுத்த கணக்கும், எடுக்காமல் விட்டுவைத்த ஒரு துண்டும் வேண்டும். அந்த விட்டுவைத்த துண்டைப் பார்த்துத்தான் ஆய்வுக்கு வருகிறவர்கள் "இங்கே ஏன் வேலை பாக்கி" என்று கேட்பார்கள்.

என்னைக் கேட்டால் மொத்த எண்ணைவிட, நூறு பெண்மானுக்கு எத்தனை குட்டி என்ற எண் போதும். அதை எடுப்பதும் சுலபம், ஓடினாலும் விகிதம் பெரிதாக மாறாது. அது மூன்று வருசம் தொடர்ந்து இறங்கினால் நாயோ தண்ணீரோ புல்லோ எதுவோ கோளாறு என்று அர்த்தம், மொத்த எண் சரிவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

மார்ச் 1

குதிரைக்கு வருகிறேன். தள்ளித் தள்ளி வைத்தேன், தப்பிக்க முடியவில்லை.

மான் தின்னும் அதே குட்டைப் புல்லை, அதே வெட்டவெளியில், அதைவிட அதிகமாகத் தின்கிறது. வீட்டு விலங்காக இருந்து காட்டோடு போனது, அதனால் வன உயிரினச் சட்ட அட்டவணையில் அதற்கு இடம் கிடையாது, வெளிமானோ அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை. தாளில் பார்த்தால் முடிவு சுலபம், வெளியேற்று. நானும் பல வருசம் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

இந்த இழையில் நாகப்பட்டினத்துக் கால்நடை மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்வி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டது. பிடித்து எங்கே கொண்டுபோவீர்கள்? மனிதக் கை படாத குதிரை, வண்டியில் ஏற்றும்போதே கால் உடையும். ஏற்றிப் போனாலும் யார் தீனி போடுவார்கள்? அதோடு, குதிரை உயரமான கோரைப் புல்லையும் மேய்ந்து குட்டையாக்குகிறது, மாடு மேய்ச்சலும் இல்லாத பகுதியில் குதிரையும் போய்விட்டால் புல் இடுப்பளவு வளர்ந்து மான் அந்த இடத்தையும் விட்டுவிட்டால் என்ன செய்வது என்றார். என்னிடம் பதில் இல்லை. வேலி போட்டு ஒரு துண்டில் குதிரையை மட்டும் தடுத்து இரண்டு மூன்று மழை பார்க்கலாம். அதற்கு முன் ஆண் குதிரைக்குக் கருத்தடை செய்து எண்ணிக்கை ஏறாமல் பிடித்து வைக்கலாம். மெதுவான வழி. படம் எடுக்க ஒன்றும் இருக்காது.

மார்ச் 15

கஜா புயல் பற்றி எழுதுங்கள் என்று இரண்டு பேர். 2018 நவம்பர் 16 அதிகாலை. எங்கள் வீட்டு ஓடு போனது, தென்னை போனது, அதை விடுங்கள். காட்டில் பாலை மரம் முறிந்தது. பாலை லேசில் முறிகிற மரம் இல்லை. கடல் ஏறி உள்ளே வந்து, மானும் குதிரையும் அடித்துக்கொண்டு போய், காரைக்கால் பக்கம் வரை உடல்கள் ஒதுங்கின.

அதற்கப்புறம் நடந்ததுதான் இங்கே பேச வேண்டியது. எல்லாரும் கேட்டது, மொத்தம் எத்தனை செத்தது? கடல் கொண்டுபோனதை யார் எண்ணுவது? புயலுக்கு முன்னால் நல்ல கணக்கு இருந்தால் புயலுக்குப் பின்னால் எடுத்துக் கழித்துக்கொள்ளலாம். முன்கணக்கு எந்த முறையில், எந்த வழியில் நடந்து எடுத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். விழுந்த மரத்தைப் பற்றி ஊரில் கேட்டார்கள், எடுத்துக்கொள்ளலாமா என்று. சரணாலயத்தில் பட்ட மரம், காற்றில் விழுந்த மரம் எதையும் அகற்றக் கூடாது என்று 2000-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு வகையில் நல்லதே, விழுந்த மரத்தின் மறைவில் வளர்ந்த பாலைக் கன்றை மான் கடிக்க முடியவில்லை. அதே திறந்த வெளிச்சத்தில் கருவையும் எட்டிப் பார்த்தது. எந்த இடத்தில் எது முந்தியது என்று யாராவது அடையாளக் கழி நட்டுப் பார்த்திருந்தால் இன்றைக்கு நாம் ஊகத்தில் சண்டை போட வேண்டியதில்லை.

மார்ச் 16

முத்துப்பேட்டையில் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி அலையாத்தி வளர்த்தார்களே, அதே மாதிரி இங்கேயும் செய்யலாமே என்கிறார் ஒருவர். அங்கே அது பலித்ததற்குக் காரணம், சதுப்பு நடுவில் பள்ளமாகித் தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பு ஏறிக் கிடந்தது. வாய்க்கால் வெட்டியதும் கடல்நீர் வந்து போக ஆரம்பித்தது, உப்பு இறங்கியது, செடி பிடித்தது. கோடியக்கரைச் சேற்றுவெளி வெறுமையாக இருப்பது நோய் கிடையாது, உள்ளானுக்கு வேண்டியதே அந்த வெறுமைதான். அங்கே மரம் நட்டால் பசுமை தெரியும், பறவை போய்விடும்.

முத்துப்பேட்டையிலும் வாய்க்கால் வெட்டினால் போதாது, தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும், பாமணி, கோரையாறு வழியாக நல்ல தண்ணீரும் வந்தாக வேண்டும். நல்ல தண்ணீர் குறைந்ததால்தான் உப்பைத் தாங்கும் வெண்கண்டலே காட்டில் பெரும்பாலும் நிற்கிறது. மேட்டூரில் மடை திறப்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், அது தனி இழை.

ஏப்ரல் 6

வெயில் ஏறிவிட்டது. காட்டுக்குள் தொட்டிகளுக்கு லாரியில் தண்ணீர் விடுகிறார்கள். வேண்டியதுதான். ஆனால் தொட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் மானும் குதிரையும் பன்றியும் நாயும் கூடும், அதைச் சுற்றிப் புல் மிதிபட்டு மண்ணாகும். இடம் மாற்றி மாற்றி நிரப்புங்கள் என்று சொன்னேன். "லாரி போக வழி இருக்கும் இடத்தில்தானே சார் தொட்டி வைக்க முடியும்" என்றார் ஓட்டுநர். அவர் சொல்வதும் சரி.

அமாவாசைக் கூட்டம் பற்றி ஒரு வரி. கடலில் குளித்துவிட்டுத் திரும்பும்போது குரங்குக்குப் பொரியும் பிஸ்கட்டும் வீசுகிறார்கள். அதற்காக ரோட்டுக்கு வரும் குரங்கு அடிபடுகிறது. கையில் இருப்பதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

ஏப்ரல் 20

முதல் கேள்வி கேட்ட நண்பர் மறுபடி வந்திருக்கிறார். "சரி, நான் சென்னையில் இருக்கிறேன், வருசத்துக்கு ஒரு முறைதான் வர முடியும், என்னால் என்ன ஆகும்?" என்கிறார்.

வருசத்துக்கு ஒரு முறை போதும், ஆனால் ஒவ்வொரு வருசமும் அதே வாரம், அதே இடம். கோடியக்கரைக் காட்டிலுள்ள ராமர் பாதத்து மேட்டில் ஏறி நின்று, நாலு திசையும் நாலு படம், போன வருசம் நின்ற அதே கல்லில் நின்று, அதே உயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். பத்து வருசம் எடுத்தால் கருவை எந்தப் பக்கம் நகர்கிறது என்று உங்கள் போனே சொல்லும். தேதி, நேரம், மழை பெய்ததா, இது மூன்றும் எழுதி வையுங்கள்.

ஆமை நடைக்கு வருகிறேன் என்பவர்கள் இனித் தைக்குத்தான். வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு வாருங்கள், டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு வாருங்கள், வெள்ளை வெளிச்சம் கண்டால் ஆமை ஏறாமல் திரும்பிவிடும். செருப்பு வேண்டாம் என்று சொல்வார்கள், போட்டுக்கொள்ளுங்கள், கரையில் மீன் முள் கிடக்கும். வேதாரண்யத்திலிருந்து கடைசி பஸ் எப்போது என்பதை இங்கே கேட்காமல் பஸ் ஸ்டாண்டில் கேளுங்கள், அது தினம் மாறுகிறது.